ஆறு மில்லிமீட்டர் குட்டையான காட்ஸில்லா

என் இரண்டு காட்ஸில்லா பொம்மைகளில் பழையது 221 மி.மீ. உயரம், புதியது 215. இரண்டு நாளில் நாலு தடவை அளந்துவிட்டேன். வெர்னியர் என்கிற நுண்ணளவுக் கருவியின் தாடை பட்டால் வினைல் அமுங்கிக் கொடுக்கும், அளவு தப்பும். அதனால் பொம்மையைச் சுவரோரம் மேசைமேல் நிறுத்தி, உச்சந்தலைக்கு மூலைமட்டத்தை அண்டக் கொடுத்து, அங்கிருந்து மேசை வரைக்கும் எடுத்த கணக்கு இது. மார்பின் அகலம், பாதத்தின் நீளம், இரண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளி என்று ஒவ்வொன்றாக எடுத்தேன். எல்லாமே நூற்றுக்கு மூன்றை ஒட்டிக் குறைகிறது. ஓர் இடத்தில் மட்டும் குறைந்திருந்தால் வளைவு என்று சொல்லலாம். எல்லா இடத்திலும் ஒரே விகிதத்தில் குறைந்தால் அது அச்சு சொல்லும் சேதி.

கோயம்புத்தூர் பீளமேட்டில் பதினான்கு வருடம் டூல் ரூமில் டை, அதாவது அச்சு செய்கிற வேலை பார்த்தவன் நான். இப்போது டோக்கியோவில் அச்சு வடிவமைக்கும் வேலை. குடியிருப்பது நிஷி கசாயில். எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் முதலில் அதன் பார்ட்டிங் லைன், அதாவது அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த கோடு, எங்கே போகிறது என்று தேடுகிற கண் எனக்கு வாய்த்துவிட்டது. 1966-இல் மருசான் என்கிற ஜப்பானியப் பொம்மை நிறுவனம் விற்ற காட்ஸில்லா பொம்மையும், அதன் இன்றைய மறுவெளியீடும் இப்போது என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இந்த ஊர்க்காரர்கள் மறுவெளியீட்டை ‘ஃபுக்கோகு’ என்கிறார்கள். மென்வினைல் பொம்மைக்குப் பெயர் ‘சோஃபுபி’.

பழையதை நகானோ பிராட்வேயில் வாங்கினேன். சேகரிப்புப் பொருள் தேடுகிறவர்கள் எல்லோரும் ஒருநாள் வந்து சேருகிற கட்டிடம் அது. கட்டிடம் திறந்ததும் 1966-இல்தான் என்பது வாங்கிய பிறகுதான் தெரிந்தது. பொம்மைக்கும் கட்டிடத்துக்கும் ஒரே வயது. நான் வாங்கிய பொம்மைக்கு இடது கை விரல்களில் இரண்டு இல்லை, வால் நுனியில் ஒரு கீறல், வயிற்றில் வெள்ளிப் பூச்சு பாதி போய்விட்டது. சேதமில்லாத ஒன்று என் சம்பளத்துக்கு எட்டாது. இந்தக் குறைகள் இருந்ததால்தான் அது என் வீட்டுக்கு வந்தது, அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். புதியதற்கு எண்ணாயிரத்துச் சொச்சம் யென் கொடுத்தேன்.

முதலில் முகம். 1954 நவம்பர் 3-ஆம் தேதி திரைக்கு வந்த முதல் படத்தின் காட்ஸில்லாவை நினைத்துக்கொண்டு இந்தப் பொம்மையைப் பார்த்தால் குழப்பம்தான் வரும். கன்னம் உப்பி, கண் அகண்டு, வாய் ஓரமாக ஏறி, சிரிக்கிற மாதிரியே இருக்கிறது. திரையில் வந்தது சிரிக்கிற ஜென்மம் இல்லை. அந்த வருடம் மார்ச் முதல் தேதி பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு வெடித்துச் சோதித்தபோது, ‘டாய்கோ ஃபுக்குரியு மாரு’ என்கிற ஜப்பானிய மீன்பிடி படகின்மேல் கதிரியக்கச் சாம்பல் கொட்டியது. அந்தப் பயத்திலிருந்து எழுந்து வந்த உருவம் அது. மேல்தோலின் தடிப்புகளே அணுகுண்டுக் காயத்தின் தழும்புகளை நினைவூட்டும்படி செய்யப்பட்டவை. படகு இன்றைக்கும் யுமெனோஷிமாவில் ஒரு காட்சிக்கூடத்துக்குள் நிற்கிறது; எங்கள் வீட்டிலிருந்து எட்டும் தூரம். மரப்படகின் அடிவயிற்றை அண்ணாந்து பார்த்துவிட்டு வீடு திரும்பிய அன்று ராத்திரி இந்தப் பொம்மையின் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. அலமாரியில் முகத்தைத் திருப்பி வைத்தேன்.

ஆனால் பொம்மை பிறந்த வருடத்தை மறக்கக்கூடாது. 1954-க்கும் 1966-க்கும் நடுவே பன்னிரண்டு வருடம். 1965 டிசம்பரில் வந்த படத்தில் காட்ஸில்லா வேற்றுக் கிரகத்தில் ஜெயித்த சந்தோஷத்தில் துள்ளிக் குதிக்கிறது. 1966 ஜனவரியில் ‘உல்ட்ரா க்யூ’, ஜூலையில் ‘உல்ட்ராமேன்’ என்று தொலைக்காட்சியில் வாராவாரம் ராட்சதர்கள் வரத் தொடங்கியபோது ஜப்பான் முழுக்கப் பிள்ளைகளுக்குக் ‘கைஜு’ (ராட்சத மிருகம்) பித்துப் பிடித்தது. மருசான் பொம்மை அந்தப் பிள்ளைகளின் கைக்காகச் செய்யப்பட்டது. எட்டு வயதுப் பையன் குளிக்கும்போது தொட்டிக்குள் கொண்டுபோகிற பொம்மை அது. பயமுறுத்துகிற முகம் இருந்தால் எந்தத் தாய் வாங்கித் தருவாள்?

மறுவெளியீட்டைச் செய்தவர்கள் எடுத்த மிகச் சரியான முடிவு, இந்தச் சிரிப்பில் கை வைக்காமல் விட்டதுதான். இன்றைக்குப் படத்தில் இருப்பதை அச்சு அசலாக, ஒவ்வொரு செதிலும் தெரிய, முப்பது மூட்டோடு செய்து தருகிற நிறுவனங்கள் இருக்கின்றன. அந்தத் திறமையைக் கொண்டுவந்து 1966 முகத்தைச் ‘சரிசெய்ய’ யாருக்கும் கை துறுதுறுக்கும். செய்யவில்லை. வலது கன்னம் இடதைவிடச் சற்று உப்பல். மூலத்தைச் செதுக்கியவரின் கைப்பழக்கமாக இருக்க வேண்டும். அந்த உப்பல் அப்படியே புதியதிலும் இருக்கிறது. அதைத் தடவிப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அறுபது வருடத்துக்கு முன் களிமண்ணில் அழுத்திய ஒருவரின் கட்டைவிரல் இன்னும் அங்கே இருக்கிறது.

சரி, அந்த ஆறு மில்லிமீட்டர் எங்கே போயிற்று?

சோஃபுபி செய்கிற விதத்தைச் சொன்னால் புரியும். நம் ஊரில் பிளாஸ்டிக் என்றால் இன்ஜெக்‌ஷன் மெஷினும் இரண்டு துண்டாகத் திறக்கிற எஃகு டையும்தான் ஞாபகத்துக்கு வரும். இங்கே அப்படி இல்லை. களிமண்ணில் உருவம் செய்து, அதிலிருந்து மெழுகு மூலம் எடுத்து, அந்த மெழுகின்மேல் மின்முலாம் பூசுகிற முறையில் உலோகத்தைத் தடிமனாக ஏற்றுகிறார்கள். மெழுகை உருக்கி வெளியேற்றினால் மிஞ்சுவது ஒரே துண்டாக, ஒரு வாய் மட்டும் உள்ள உலோகக் கூடு. கைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று. இந்தக் கூட்டுக்குள் மாவு மாதிரி இருக்கிற வினைல் கலவையை ஊற்றி, காற்றுக் குமிழை எடுத்து, சூடான எண்ணெயில் அமிழ்த்துகிறார்கள். சுவரை ஒட்டிய கலவை மட்டும் கெட்டியாகும். நடுவில் இருப்பதைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு மறுபடியும் சூடு. பிறகு வெளியே எடுத்து, சூடு ஆறுவதற்குள் இடுக்கியால் வாய்வழியாக ஒரே இழுப்பு. உள்ளே இருக்கிற முதுகு முட்களும் விரல்களும் ரப்பர் மாதிரி வளைந்து நெளிந்து வெளியே வந்து, வந்த பிறகு தன் உருவத்துக்குத் திரும்பும். பார்ட்டிங் லைனே கிடையாது. டூல் ரூமில் அண்டர்கட்டை, அதாவது பொருளை அச்சிலிருந்து கழற்ற விடாமல் சிக்க வைக்கிற உள்வளைவை, கண்டாலே அலறிய எனக்கு, இதை முதல் தடவை பார்த்தபோது ஒரு பிரசவம் பார்த்த மாதிரி இருந்தது.

வெளியே வந்த வினைல் ஆறும்போது சுருங்கும். அது தெரிந்துதான் மூலத்தைச் சற்றுப் பெரிதாகச் செய்வார்கள். எண்ணெய்ச் சூட்டில் திரும்பத் திரும்ப முக்கி எடுக்கிற அச்சு ஒரு காலத்துக்குமேல் வெடிப்பு விடும். மருசான் 1968-இல் திவாலானது. அங்கிருந்து வெளியேறியவர்கள் தொடங்கிய புல்மார்க் நிறுவனம் அந்த அச்சுகளில் பலவற்றை வைத்து எழுபதுகளில் இரண்டாவது கைஜு அலையில் கொழித்து, 1977-இல் அதுவும் விழுந்தது. இத்தனை கைமாறிய பிறகு அச்சு பத்திரமாகக் கிடைப்பது அபூர்வம். அச்சு இல்லையென்றால் ஒரே வழி, பிழைத்திருக்கிற பழைய பொம்மை ஒன்றையே மூலமாக வைத்துப் புது அச்சு எடுப்பது. ஏற்கெனவே ஒருமுறை சுருங்கிய பொம்மையிலிருந்து எடுத்த அச்சில் ஊற்றியது மறுபடியும் ஒருமுறை சுருங்கும். என் அளவுகளில் வந்த மூன்று சதவிகிதத்தை நான் இப்படித்தான் வாசிக்கிறேன். புதியது பழையதன் உடன்பிறப்பு அல்ல, அதன் பிள்ளை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. பெட்டியில் எந்த இடத்திலும் ‘மூல அச்சிலிருந்து’ என்று அவர்கள் எழுதவில்லை, பொய் சொல்லவில்லை. ஆனால் வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இப்படி எடுத்ததில் கூர்மை கொஞ்சம் மழுங்கும். முதுகு முட்களின் ஓரங்களில் விரலை ஓட்டினால் பழையதில் நகம் இடறுகிறது, புதியதில் வழுக்கிக்கொண்டு போகிறது. தொடையில் இருக்கிற மடிப்பு வரிகளில் மூன்றாவது வரி பழையதில் ஆழமான கீறல், புதியதில் நிழல் மாதிரி. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கையில் எடுத்தால் தெரியும்.

பழைய பொம்மை சோஃபுபித் தொழிலின் பேட்டையான கட்சுஷிகாவில் பிறந்திருக்கக்கூடும் என்பது என் நெடுநாள் ஆசை நினைப்பு. நாங்கள் இருக்கிற எடோகவாவுக்கு அடுத்த பகுதிதான் கட்சுஷிகா. செல்லுலாய்டு பொம்மை செய்துகொண்டிருந்த பட்டறைகள், அது சீக்கிரம் தீப்பிடிக்கிறது என்று ஏற்றுமதிச் சந்தை கைவிட்ட பிறகு மென்வினைலுக்கு மாறின. உடன் வேலை பார்க்கிற ஒருவர் மூலமாக அங்கே ஒரு சின்னப் பட்டறைக்குப் போகக் கிடைத்தது. நாற்பது வருடமாக இழுப்பு வேலை செய்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். கையில் உறை, முன்னங்கை முழுக்க எண்ணெய் தெறித்த பழைய புள்ளிகள். என் மறுவெளியீட்டைக் கொடுத்தேன். முகத்தைப் பார்க்கவே இல்லை. பொம்மையின் கையைக் கழற்றி, தோள் ஓட்டைக்குள் கட்டைவிரலை விட்டு, உள்சுவரைச் சுற்றித் தடவினார்.

“தோள் மெலிசா இருக்கு. ஒரு மூச்சு முன்னாடியே கவிழ்த்துட்டாங்க,” என்றார்.

வீட்டுக்கு வந்து விளக்கை அணைத்துவிட்டு, கை கழற்றிய ஓட்டை வழியாக மொபைல் டார்ச்சைப் பிடித்துப் பார்த்தேன். இடது தோள் மட்டும் செம்மண் நிறத்தில் ஒளிர்ந்தது. மற்ற இடமெல்லாம் இருட்டு. பெரியவரின் விரல் கண்டது சரி. பழையதையும் அப்படியே பார்த்தேன். அதில் வயிறு மெலிசு, கழுத்து தடி. 1966-இலும் யாரோ ஒரு மூச்சு முன்னேயும் பின்னேயும் கவிழ்த்திருக்கிறார்கள். பயன்பாட்டில் இதனால் தொந்தரவு இல்லை. ஆனால் கையை அடிக்கடி சுழற்றினால் மெலிந்த தோளில் முதலில் விரிசல் விடும் என்று நினைக்கிறேன். கையைத் திருப்புவதற்கு முன் மூட்டை வெந்நீரில் ஒரு நிமிடம் காட்டிவிடுங்கள். குளிர்காலத்தில் இது கட்டாயம்.

கை இரண்டும் கால் இரண்டும் சுழலும், அவ்வளவுதான் அசைவு. முழங்கால் மடங்காது, வாய் திறக்காது. நவீன ஆக்‌ஷன் ஃபிகரை எதிர்பார்த்து வாங்குகிறவர் ஏமாறுவார். ஆனால் வலது கையை மேலே தூக்கி, இடது காலை ஒரு விரற்கடை முன்னே வைத்துப் பாருங்கள். நடக்கிறது. ராட்சத உடைக்குள் மனிதர் நின்று நடித்த படங்களின் கனம் அந்த ஒரு அசைவுக்குள் வந்துவிடுகிறது. ஹருவோ நகாஜிமா என்கிற நடிகர் அந்தக் கனத்த ரப்பர் உடைக்குள் வியர்த்து வியர்த்து நடந்த நடை.

வண்ணத்தில்தான் எனக்கு மனத்தாங்கல். முதல் இரண்டு படங்களும் கறுப்பு வெள்ளை. காட்ஸில்லா கலரில் வந்ததே 1962-இல், கிங் காங்கோடு மோதியபோதுதான். அதிலும் கரிச் சாம்பல் நிறம். பொம்மைக்காரர்கள் அதைக் கண்டுகொள்ளாமல் தங்களுக்குப் பிடித்த நிறத்தில் வார்த்து, மேலே பச்சையும் வெள்ளியும் தெளித்தார்கள். என் பழைய பொம்மையில் வெள்ளி ஒரே பக்கத்திலிருந்து தெளிக்கப்பட்டிருக்கிறது. வலது விலாவில் அடர்த்தி, இடது விலாவுக்குப் போகப் போகத் தூறல். வரிசையில் வந்த நூற்றுக்கணக்கான பொம்மைகளில் இதற்கு ஒரு விசிறல்தான் நேரம் கிடைத்திருக்கிறது. அந்த அவசரத்தால் நிலா வெளிச்சம் ஒரு பக்கம் விழுந்த மாதிரி ஓர் உயிர்ப்பு. புதியதில் இரண்டு விலாவும் சமம், வயிற்று நடுவில் கோடு போட்ட மாதிரி வெள்ளி. சுத்தமான வேலை, கண் வட்டம்கூட அரை மில்லிமீட்டர் பிசகவில்லை. உருவத்தின் கோணல்களை அத்தனை அக்கறையாகக் காப்பாற்றியவர்கள் தூரிகையின் கோணலையும் காப்பாற்றியிருக்கலாம். அடுத்த வெளியீட்டுக்கு அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான்: தெளிக்கிறவரை அவசரப்படுத்துங்கள்.

மணம். புதியது பையைப் பிரித்ததும் புது மழைக்கோட்டு வாசனை. ஒரு வாரத்தில் போய்விட்டது. பழையதில் வாசனை இல்லை, ஆனால் கோடையில் தொட்டால் லேசான பிசுபிசுப்பு. வினைலை மென்மையாக வைத்திருக்கச் சேர்த்த எண்ணெய்ப்பதம் வருடக்கணக்கில் மெல்ல வெளியே கசிகிறது. இந்தக் கசிவு பக்கத்தில் இருக்கிற வேறு பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும். சோஃபுபியை பாலிஸ்டைரீன் தட்டின்மேலோ பிளாஸ்டிக் மாடல் விமானத்தோடு ஒட்டியோ வைக்காதீர்கள். ஒரு வருடம் கழித்து எடுத்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணாடித் தட்டு நல்லது. வெயில் படக்கூடாது. பிசுபிசுப்புக்கு நான் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, மெல்லிய துணியால் ஒற்றி எடுக்கிறேன். தின்னர், ஸ்பிரிட் எதுவும் கிட்டே கொண்டுவராதீர்கள், பழைய வண்ணம் துணியோடு வந்துவிடும்.

ஒரு சங்கடம் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். முதலில் தபாலில் வந்த மறுவெளியீட்டின் வால் ஒரு பக்கமாக வளைந்திருந்தது. பெட்டிக்குள் அமுக்கி வைத்து வெயில் வண்டியில் வந்திருக்கிறது போல. நிற்க வைத்தால் வலது பக்கம் சாய்ந்தது. திருப்பி அனுப்பலாம் என்று எடுத்துவைத்தவன் மனசு மாறி, பாத்திரத்தில் தண்ணீரைக் கை பொறுக்காத சூட்டுக்குக் கொண்டுவந்து, வாலை மட்டும் அமிழ்த்தி, இளகியதும் நேராகப் பிடித்துப் பனிக்கட்டித் தண்ணீரில் விட்டேன். இரண்டாவது தடவையில் நேரானது. இப்போது மூன்று புள்ளியில், இரண்டு பாதமும் வாலுமாக, ஆடாமல் நிற்கிறது. வாங்கிய எல்லோருக்கும் இந்த வைத்தியம் தெரிந்திருக்கட்டும். சோஃபுபி வளைந்தால் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை.

“ஏனுங்க, அந்தப் பாத்திரத்துலதான் நாளைக்கு ரசம் வைக்கோணும்,” என்றாள் மனைவி. அவள் சொன்னது நியாயம். பொம்மைக்கென்று ஒரு பழைய பாத்திரம் தனியாக வாங்கிவிட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், சாப்பாட்டுப் பாத்திரத்தில் வேண்டாம்.

இரண்டில் எதை வாங்கச் சொல்வேன்? கையில் காசு இருந்து, கண்ணாடி அலமாரியும் இருந்து, 1966-ஐ வீட்டில் வைத்திருக்க வேண்டும் என்கிற ஏக்கம் விடாமல் பிடித்தவர் பழையதைத் தேடட்டும். சேதத்துக்குத் தயங்க வேண்டாம். விரல் போனதை வாங்குங்கள், வண்ணம் போனதை வாங்குங்கள்; வேறு ஒருவர் புது வண்ணம் பூசிப் ‘புதுப்பித்ததை’ மட்டும் வாங்காதீர்கள். மற்ற எல்லோருக்கும் மறுவெளியீடு. எண்ணாயிரம் யென் ஒரு பொம்மைக்குச் சின்னத் தொகை இல்லை. ஆனால் ஒவ்வொரு கையும் காலும் வாலும் ஒரு மனிதர் எண்ணெய்த் தொட்டி முன்னால் நின்று இடுக்கியால் இழுத்தது என்பதைக் கணக்கில் எடுத்தால், நான் அந்த விலையை வருத்தமில்லாமல் கொடுப்பேன். இரண்டாவதாக ஒன்றுக்கும் கொடுத்தேன்.

அந்த இரண்டாவதற்குக் காரணம் என் மகள். ஒன்பது வயது. பழையது மேசைக்கு வந்த நாளிலிருந்து சுற்றிச் சுற்றி வந்தாள்.

“அப்பா, இத நான் எடுத்துக்கட்டா?”

“சாமி, அது ரொம்ப வயசானது. தொடாதே கண்ணு.”

சொல்லி முடித்ததும் எனக்கே வலித்தது. குளியல் தொட்டிக்குள் போகச் செய்த பொம்மையைத் தொடாதே என்று ஒரு பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் இன்னொரு மறுவெளியீடு வாங்கி அவள் கையில் கொடுத்து, இதற்கு விதி எதுவும் இல்லை என்றேன். மூன்று மாதம் ஆகிறது. வெள்ளிப் பூச்சு வலது விலாவில் தேய்ந்துவிட்டது, இடது விலாவில் அப்படியே இருக்கிறது. அவள் எப்போதும் ஒரே பக்கமாகப் பிடித்துத் தூக்குவாள். நேற்று அதைக் குளியலறையிலிருந்து எடுத்துவந்து தலைகீழாகப் பிடித்துத் தோள் மூட்டு வழியாகத் தண்ணீரை வடித்தேன். இடது தோளில் இன்னும் விரிசல் இல்லை. துடைத்து, பழையதன் பக்கத்தில் சற்றுநேரம் நிறுத்திவைத்தேன். அவள் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.